குட்டைக்கை முழம்

பூங்காவனத்துக்கு வலது கை மூன்று விரல் அகலம் குட்டை. பிறவிக் கோளாறு இல்லை. எட்டு வயதில் வானகரத்தில், பிறந்த வீட்டுக் கொல்லையில், முருங்கை மரம் ஏறி விழுந்தாள். முருங்கைக் கிளையை நம்பி ஏறியவர்கள் வேறு எப்படி இறங்குவார்கள்? முன்கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டவர் முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிக் கட்டிவிட்டார். கை கூடிவிட்டது, நீளம் போய்விட்டது.

களை பறிக்கிற வீட்டிலோ நாற்று நடுகிற வீட்டிலோ வாழ்க்கைப்பட்டிருந்தால் அந்தக் குறை யார் கண்ணிலும் பட்டிருக்காது. அவள் வாழ்க்கைப்பட்டது பூந்தமல்லியில், பூக்கட்டும் வீட்டில். பூக்காரிக்குக் கைதான் அளவு. நடுவிரல் நுனியில் சரத்தைப் பிடித்து முழங்கை வரை இழுத்தால் ஒரு முழம். இடது கை சரியான நீளம்தான் என்றாலும், சாமிக்கும் சுமங்கலிக்கும் போகிற பூவை இடக்கையில் அளந்து கொடுத்தால் வாங்குகிறவர்கள் முகத்திலேயே வீசிவிட்டுப் போவார்கள்.

ஆனால் அவள் நெருக்கிக் கட்டுவாள். கை குட்டை என்பதற்காக விரல்கள் தாமாகவே நெருக்கினவா, அல்லது அவள் விரல்களின் பழக்கமே அதுதானா என்பது அவளுக்கே தெரியாது. எண்ணிப் பார்த்ததில்லை. பூவை யார் எண்ணுவார்கள்?

லண்டனில் புது ராஜா முடிசூட்டிக்கொண்ட வருஷம் அது. கடைத்தெருக் கோடியில் இருந்த அம்மன் கோயில் வாசலில் நான்கு பூக்காரிகளுக்கு இடம் உண்டு. இடம் கொடுப்பதும் எடுப்பதும் தருமகர்த்தா ஜம்புலிங்கம் கையில். பூங்காவனத்தின் புருஷன் அய்யாசாமி வெள்ளானூர்ச் சூளையில் செங்கல் அறுத்துவிட்டுப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். அந்த நாலடி இடம்தான் அவர்களுக்குச் சோறு.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அந்த இடத்துக்கு ஆபத்து வந்தது.

கொண்டு வந்தவள் பொன்னம்மாள், பள்ளிக்கூட வாத்தியார் ஜானகிராமனின் மனைவி. இரண்டு பெண்களுக்கும் ஆளுக்கொரு முழம் பூ வாங்கியிருக்கிறாள். ஒன்று பூங்காவனத்திடம், ஒன்று பக்கத்து இடத்து முத்தம்மாளிடம். வீட்டுக்குப் போனதும் சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாளாம். இரண்டு சரத்தையும் கையில் பிடித்தபடி விடுவிடென்று திரும்பி வந்தாள்.

"இன்னா பூங்காவனம், பெரியவளுக்கு ஒரு முழம், சின்னவளுக்கு முக்கா முழமா? ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான்."

கோயில் படியில் இரண்டு சரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினாள். பூங்காவனத்தின் சரம் மூன்று விரல் குறைவாகத்தான் கிடந்தது. கூட்டம் கூடிவிட்டது. ஆடி வெள்ளி அல்லவா, கூட்டத்துக்குப் பஞ்சமா?

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள் முத்தம்மாள். வாசலில் இருபது வருஷம் உட்கார்ந்தவள். ஆறடி உயரம், அதற்கேற்ற கை. "குட்டைக்கை குடுக்கிற கை இல்லம்மா, எடுக்கிற கை."

"நெருக்கிக் கட்டறேன் அக்கா. நெருக்கித்தான் கட்டறேன்."

"கட்டறே, கட்டறே. எங்க கண்ணைத்தான் கட்டறே."

ஜம்புலிங்கம் உள்ளேயிருந்து வந்தார். சரத்தைப் பார்த்தார். சரியான முழம் எது என்று தெரிந்துகொள்ளத் தம் கையை நீட்டினார். அது முத்தம்மாள் முழத்தைவிட ஒரு விரல் குறைந்தது. பூசாரி நீட்டினார், அவருடையது வேறு. வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்கு முழங்கையை மடக்கிப் படியில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் முழம் ஒருவருக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் தருமகர்த்தாவுக்கே சலித்துப் போயிற்று.

"போதும், கையை மடக்குங்க. வர வெள்ளிக்கெழம அம்மா முன்னாடி பூக்கட்டிப் பாத்துடுவோம். வெள்ளை வந்தா ஒக்காரு. செவப்பு வந்தா கூடையைத் தூக்கு. இன்னா, சம்மதமா?"

ஒரு இலையில் நந்தியாவட்டை, ஒரு இலையில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் கிணறு வெட்டுவதற்கும் ஊர் அப்படித்தான் அம்மனைக் கேட்டு வந்தது. சம்மதமில்லை என்று யார் சொல்வது? பூங்காவனம் தலையாட்டினாள்.

மறுநாள் முதல் அவள் செய்ததுதான் தப்பு. பூக்காரியைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் தப்புச் செய்ய வராது. முழம் போட்ட பிறகு ஒரு சாண் கொசுறு விட ஆரம்பித்தாள். கேட்டவர்களுக்கும் விட்டாள், கேட்காதவர்களுக்கும் விட்டாள். பயம் அவள் கையை நீட்டியது.

முத்தம்மாள் விடுவாளா? "பாத்தீங்களா, பாத்தீங்களா! இப்ப நீட்டுது பாருங்க கை! அப்போ இத்தினி நாளா எங்க போயிருந்துச்சாம்?"

கூட்டம் சிரித்தது. கொசுறு வாங்கிக்கொண்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பூங்காவனத்துக்கு அப்போதுதான் உறைத்தது: கொடுத்த பூவெல்லாம் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

பள்ளிவாசல் தெரு வீடுகளுக்குப் பூ கொடுப்பதில் ஒரு முறை இருந்தது. ஒரு நாள் பூங்காவனம், மறுநாள் முத்தம்மாள். செவ்வாய்க்கிழமை பூங்காவனத்தின் முறை. கலீல் ரகுமான் வீட்டுக் கதவைத் தட்டினாள். கலீல் ரகுமானுக்குக் கோயிலுக்கு எதிர்வரிசையில் கயிற்றுக் கடை. ஊர்க் கிணறுகளில் பாதிக்கு அவருடைய கயிறுதான். வீட்டில் மனைவி ஷம்ஷாத், ஒரே மகள் லத்தீஃபா. பதினான்கு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. வெளியாட்கள் வந்தால் கதவுத் திரைக்குப் பின்னால் போய்விடுவாள். பூங்காவனம் அந்தப் பெண்ணின் கையைத்தான் பார்த்திருக்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் நீளும், பூவை வாங்கிக்கொண்டு மறையும்.

அன்று கை நீளவில்லை. திரை கொஞ்சம் விலகியது.

"பூக்காரம்மா, உள்ளே வாங்க. அம்மா தொழுதுகிட்டிருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

அத்தனை மெல்லிய குரல். பூங்காவனம் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சுவரில் ராஜா படம் போட்ட தினசரி நாட்காட்டி தொங்கியது. அதற்குக் கீழே ஓர் ஆணியில், கிழித்த தாள்கள் கம்பியில் கோத்திருந்தன. லத்தீஃபா கம்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோயில்ல நடந்ததை அத்தா சொன்னாங்க. நான் உங்க பூவை எண்ணியிருக்கேன்."

"எண்ணினியா? எதுக்குக் கண்ணு?"

லத்தீஃபா கூச்சத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைக்குக் கயித்துக் கட்டு எண்ணுறது நான்தான். அது எப்பவும் ஒரே எண்தான் வரும். ஒரு நாள் சும்மா பூவை எண்ணினேன். மறுநாள் வேற எண் வந்தது. அதுக்கு மறுநாள் அதுவும் இல்லை. ஏன்னு தெரிஞ்சுக்கணும்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். இருபது நாள். தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். ஒத்தைப்படைத் தேதி நீங்க, ரெட்டைப்படைத் தேதி முத்தம்மா. ஆளுக்குப் பத்து."

பூவை யாரும் எண்ண மாட்டார்கள் என்று பூங்காவனம் இருந்தாளே, இதோ ஒருத்தி எண்ணியிருக்கிறாள். கேட்காமலே இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"இன்னா வந்துச்சு?"

"பத்து நாளும் சேர்த்து உங்க பூ அறுநூத்துப் பத்து. முத்தம்மா பூ அறுநூத்து முப்பது. அதாவது உங்க முழத்துக்குச் சராசரி அறுபத்தொண்ணு. அவங்களுக்கு அறுபத்து மூணு."

"அப்போ நான் ரெண்டு பூ திருடிகினுதான் கீறேன்." பூங்காவனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடத் தோன்றவில்லை. உண்மை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

"அவசரப்படாதீங்க. இதைப் பாருங்க." லத்தீஃபா ஒத்தைப்படைத் தாள்களைத் தரையில் பரப்பினாள். "இந்த நாள் அறுபத்தேழு. இந்த நாள் அம்பத்தஞ்சு. ரெண்டும் உங்க கைதானே? ஒரே கையில பன்னண்டு பூ ஏறி எறங்குது. ஒரு நாள் மொட்டு பெருசு, ஒரு நாள் சிறுசு. ஒரு நாள் நார் ஈரம், ஒரு நாள் காஞ்சிருக்கும். முத்தம்மாவுக்கும் அப்படித்தான். அம்பத்தேழும் இருக்கு, எழுபதும் இருக்கு. இவ்வளவு ஆட்டத்துல சராசரி ரெண்டு பூ தள்ளி நிக்குதுன்னா அது கையால வந்ததா, தானா வந்ததா?"

"அது எப்டிக் கண்ணு தெரியும்?"

"கையை எடுத்துட்டுப் பார்த்தாத் தெரியும்."

இருபது தாள்களையும் எண் தெரியாமல் கவிழ்த்துக் கலக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு பத்தை ஒரு பக்கம் எடுத்து வைத்தாள். மீதி பத்து இன்னொரு பக்கம்.

"இப்ப இது யாரு பூ? உங்க தாளும் இருக்கு, அவங்க தாளும் இருக்கு. குட்டைக்கையும் இல்லை, நெட்டைக்கையும் இல்லை. வெறும் குருட்டு வாக்கு. இந்த ரெண்டு குவியலும் சராசரி ரெண்டு பூ தள்ளி நின்னா, அதை யாரு செஞ்சது?"

"யாரும் செய்யல."

"அதான். அப்படிக் குருட்டு வாக்குலேயே அடிக்கடி ரெண்டு பூ வித்தியாசம் வருதுன்னா, உங்க ரெண்டு பூவைக் காட்டி யாரும் திருட்டுன்னு சொல்ல முடியாது. எத்தனை கலக்கினாலும் வரவே இல்லைன்னா..." அந்தப் பெண் நிறுத்தினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "அப்ப உங்க கைதான்."

ஐந்து தடவை கலக்கிக் காட்டினாள். ஐந்தில் ஒரு தடவை இரண்டு பூ வித்தியாசம் வந்தது.

பூங்காவனம் கேட்டாள்: "வெள்ளிக்கெழம அம்மா சொல்லிடுவாளே கண்ணு. வெள்ளையோ செவப்போ."

லத்தீஃபா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்க சாமியை நான் ஒண்ணும் சொல்லலை பூக்காரம்மா. ஆனா ரெண்டு பொட்டலத்துல ஒரே ஒரு தடவை எடுத்தா, நீங்க நல்லவங்களா இருந்தாலும் பாதிக்குப் பாதி செவப்பு வரும். திருடியா இருந்தாலும் பாதிக்குப் பாதி வெள்ளை வரும். இருபது தடவையாவது கேட்கணும்."

"அப்புறம் முந்தாநேத்துத் தாளு? அதுல எனக்கு நெறையக் கீதே, கொசுறு விட்டேனே?"

"அதை எடுத்துட்டேன். பயந்து கட்டின பூ உங்க கை இல்லை. நான் எண்ணுறேன்னு தெரியாதப்ப கட்டினதுதான் கணக்கு. கொசுறை நிறுத்திடுங்க."

தாள்களை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். கொடுத்த முடிச்சை உடனே விடவில்லை. "நான்தான் எண்ணினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அத்தாவுக்குத் தெரியாது." சொல்ல மாட்டேன் என்று பூங்காவனம் வாக்குக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பொட்டலங்கள் இரண்டும் அம்மன் காலடியில் தயாராக இருந்தன. பொட்டலம் எடுக்கப் பூசாரியின் நான்கு வயதுப் பேத்தி பாவாடை கட்டி நின்றது. ஜம்புலிங்கம், ஜானகிராமன் வாத்தியார், பொன்னம்மாள், முத்தம்மாள், அப்புறம் ஊரில் வேலையில்லாதவர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். பூங்காவனம் முன்னால் வந்து நின்றாள். கூட்டத்தில் அவள் வாய் திறந்து பேசியதே இல்லை. "முழம், முழம்" என்று கூவுவதோடு சரி.

"ஐயா, அம்மாவை ஒரு தபா கேக்கறதுக்கு பதிலா இருபது தபா கேக்கலாமா?"

"இருபது தபா கேக்கறதுக்கு அம்மா இன்னா உன் வாடிக்கையா?" என்றார் ஜம்புலிங்கம். சிரிப்பு எழுந்தது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். செவ்வாய்க்கிழமை கேட்டதைத் தனக்குத் தெரிந்த பேச்சில் சொன்னாள். முதலில் திக்கித் திக்கி, பிறகு வேகமாக. இடையிடையே தப்பு வந்தது, திருத்திக்கொண்டாள். வாத்தியார் மட்டும் பக்கத்தில் வந்து தாள்களை வாங்கிப் பார்த்தார். ஒத்தைப்படையைக் கூட்டினார், ரெட்டைப்படையைக் கூட்டினார். அறுநூற்றுப் பத்து, அறுநூற்று முப்பது.

"மொத்தம் ஆயிரத்து இருநூத்து நாப்பது. கலக்கி எடுத்த பத்து தாளோட கூட்டுத்தொகை அறுநூத்துப் பத்தோ அதுக்குக் கீழேயோ வந்தா வித்தியாசம் ரெண்டு பூ. அறுநூத்து முப்பதோ அதுக்கு மேலேயோ வந்தாலும் ரெண்டு பூ. ஒரு குவியலைக் கூட்டினாப் போதும்," என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். விஷயம் புரிந்தது அவர் முகத்தில் தெரிந்தது.

முத்தம்மாள் குறுக்கே வந்தாள். "யாரு எண்ணினது இதை? உன் பொண்ணுங்களா? நீயே எண்ணி நீயே எழுதிகினு வந்தியா?"

பூங்காவனம் தலை குனிந்தாள். வாக்குக் கொடுத்திருந்தாள். எழுதத் தெரியாதவள் எப்படி எழுதுவாள் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை.

"சொல்லேண்டி. வாயில இன்னா மல்லிப் பூவா?"

கூட்டம் முணுமுணுத்தது. பூங்காவனம் தாள்களை எடுத்துத் திரும்பவும் துணியில் வைக்கப் போனாள். போகட்டும். சிவப்பு வந்தால் வரட்டும். அந்தப் பெண்ணை இழுத்துவிட மாட்டாள்.

"எண்ணினது என் பொண்ணு."

எல்லாரும் திரும்பினார்கள். எதிர்வரிசைக் கடை வாசலிலிருந்து கலீல் ரகுமான் தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். கோயில் படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"என் ஊட்டு நாட்காட்டித் தாளு அது. ஆணியில இருபது தாளு காணோம்னா எனக்குத் தெரியாதா? அவ எண்ணினா ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது. என் கடையில ஒரு கட்டுக் கயிறு கொறைஞ்சுதுன்னு இந்த ஊர்ல யாராவது வந்து கேட்டிருக்கீங்களா?"

ஜம்புலிங்கம் கோயில் கிணற்றைப் பார்த்தார். அதில் தொங்கிய கயிறு பாய் கடைக் கயிறு. "பாய் சொன்னா சரிதான்," என்றார். "ஆனா பூங்காவனம், ஒண்ணு முன்னாடியே சொல்லு. எத்தினி வந்தா உன் பக்கம், எத்தினி வந்தா இந்தப் பக்கம்? அப்பால பேச்சு மாறக் கூடாது."

பூங்காவனம் எழுந்து நின்றாள். "இருபது தபா கலக்கி எடுத்து, ஒரு தபாவுக்கு மேல ரெண்டு பூ வித்தியாசம் வரலேன்னா என் கைதான் திருட்டுக் கை ஐயா. நானே கூடையைத் தூக்கிகினு போயிடறேன்."

சொன்ன பிறகுதான் மூன்று பெண்களின் முகமும் வரிசையாக வந்து நின்றது. காலியாக இருந்த இன்னொரு கூடையில் தாள்களைக் கவிழ்த்துப் போட்டாள். கூடையைக் கொண்டுபோய் முத்தம்மாள் முன்னால் வைத்தாள்.

"நீயே எடு அக்கா."

"நானா?"

"நான் எடுத்தா என் கை மேல சொல்லு வரும். நீ எடு."

முத்தம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையைக் கலக்கினாள். கலக்கினாளா, மாவு பிசைந்தாளா என்று தெரியாத அளவுக்குக் கலக்கினாள். பத்துத் தாளை எடுத்து வாத்தியாரிடம் கொடுத்தாள். வாத்தியார் உதட்டை அசைத்துக் கூட்டினார்.

"அறுநூத்து ஏழு."

"அப்டின்னா?" என்றார் ஜம்புலிங்கம்.

"கூடையில மீதி இருக்கிற குவியல் அறுநூத்து முப்பத்து மூணு. ரெண்டு பூவுக்கு மேலேயே வித்தியாசம். முதல் தடவையே வந்துடுச்சு."

"நான் இன்னா பண்ணேன்?" முத்தம்மாளுக்குக் குரல் உயர்ந்தது. "அம்மா சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல. கைக்கு வந்ததை எடுத்தேன்!"

"நானும் அதையேதான் அக்கா சொல்றேன்," என்றாள் பூங்காவனம்.

யாரும் சிரிக்கவில்லை. முத்தம்மாள் தன் நீண்ட கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஐந்து தடவை ஒன்றும் வரவில்லை. அறுநூற்றுப் பதினெட்டு, அறுநூற்று இருபத்திரண்டு என்று நடுவிலேயே சுற்றியது. பூங்காவனம் கோயில் தூணைப் பிடித்துக்கொண்டாள். ஏழாவது தடவையும் இல்லை. எட்டாவது தடவை அறுநூற்று முப்பத்தொன்று. "ரெண்டு!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். அதன்பின் ஊரே கூட்ட ஆரம்பித்துவிட்டது. வாத்தியார் வாயைத் திறக்குமுன் விடை சொல்லப் பார்த்து, தப்பாகச் சொல்லி, திட்டு வாங்கினார்கள். பூசாரியின் பேத்தி தூணில் சாய்ந்து தூங்கிப் போயிற்று. இருபதாவது தடவை முடிந்தபோது ஆறு தடவை வந்திருந்தது.

"இருபதுக்கு ஆறு," என்றார் வாத்தியார். "குருட்டு வாக்குக்கே இவ்வளவு வித்தியாசம் வருது. இந்த ரெண்டு பூவை வச்சு ஒரு பொம்பளை பொழப்பை எடுக்க முடியாது, ஐயா."

"அப்போ அவ சுத்தம்னு ஆயிடுச்சு," என்றார் ஜம்புலிங்கம்.

அங்கேயே விட்டிருக்கலாம். பூங்காவனத்துக்கு அந்தப் பெண் தயங்கித் தயங்கி உண்மை சொன்ன முகம் நினைவுக்கு வந்தது.

"சுத்தம்னு ஆவல ஐயா. குத்தம்னு சொல்ல இது போதாது, அவ்ளோதான். எனக்கு எண்ணிச் சொன்னவங்க அப்டித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இன்னும் நெறைய நாளு எண்ணினா ஒருவேளை தெரியுமோ இன்னாவோ. எனக்கும் தெரிஞ்சுக்கணும்னுதான் கீது."

"திருடி இப்டிப் பேசி நான் பார்த்ததில்ல," என்றார் ஜம்புலிங்கம். "போய் ஒன் எடத்துல ஒக்காரு."

"இந்தப் பொட்டலம்?" என்றார் பூசாரி.

"அம்மா காலடியிலேயே கெடக்கட்டும்."

பொன்னம்மாள்தான் முதலில் வந்தாள். இரண்டு முழம் கேட்டாள், இரண்டும் பூங்காவனத்திடமே. அப்புறம் முத்தம்மாள் பக்கம் திரும்பி, வழக்கம் போல் ஒரு முழம் அவளிடமும் வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் தருமகர்த்தா ஒரு மூங்கில் குச்சி வெட்டி வாசல் தூணில் கட்டிவிட்டார். இனி முழம் என்றால் அந்தக் குச்சி நீளம். கைச் சண்டை ஒழிந்தது. முத்தம்மாள் அந்தக் குச்சியைப் பார்த்துப் பல நாள் புலம்பினாள். காரணம், பூங்காவனத்தின் விரல்களுக்கு நெருக்கித்தான் கட்டத் தெரிந்தது. குச்சிக்காகத் தளர்த்தத் தெரியவில்லை. ஒரே குச்சிக்கு அவள் சரத்தில்தான் பூ அதிகம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், முறை யாருடையது என்றெல்லாம் பார்க்காமல், பூங்காவனம் பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். தாள்களைத் துணியில் முடிந்து பத்திரமாக எடுத்துக்கொண்டாள். கலீல் ரகுமான் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. கை மட்டும் நீண்டது.

"இருபதுல ஆறு கண்ணு," என்றாள் பூங்காவனம்.

"அத்தா வந்து சொன்னாங்க." குரலில் சிரிப்பு இருந்தது. "திட்டலை. கடைக்கு ஒரு பெரிய பேரேடு வாங்கித் தரேன்னாங்க. இனிமே தாளுக்குப் பின்னாடி எழுத வேண்டாமாம்."

என்ன சொல்லி வாழ்த்துவது என்று பூங்காவனம் யோசித்தாள். மகராசியாய் இரு என்று சொல்லலாம். அம்மன் உன்னைக் காப்பாத்துவாள் என்று சொல்லலாம். அந்த வீட்டில் அதைச் சொல்லலாமோ கூடாதோ. அவள் கூடைக்குள்ளிருந்து ஒரு சரத்தை எடுத்தாள். பிற்பகல் முழுக்க உட்கார்ந்து கட்டியது. கூடையில் மிச்சமிருந்த மல்லிகை எல்லாம் அதில் இருந்தது. கையில் அளக்கவில்லை. வாழையிலையில் சுருட்டி அந்தச் சின்னக் கையில் வைத்தாள். கனத்தில் கை கொஞ்சம் தாழ்ந்தது.

"இது எத்தனை முழம் பூக்காரம்மா?"

"தெரியாது. இதை மட்டும் எண்ணாதே கண்ணு."

மறுநாள் முறைப்படி பூ கொடுக்கப் போனபோது, லத்தீஃபா ஒரு நாட்காட்டித் தாளைத் திரைக்கு வெளியே நீட்டினாள். வெள்ளிக்கிழமைத் தாள். பூங்காவனம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள்தான். ஆனாலும் பின்பக்கம் ஒரு எண்கூட இல்லாமல் முழுக்க வெள்ளையாக இருந்தது அவளுக்குத் தெரிந்தது.

தாளை நான்காக மடித்து, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் பூ கொடுக்கப் போனாள்.